பர்த்தலமேயுவின் கத்தி

மதியம் சாப்பிட்டதும் எதையாவது புரட்டாவிட்டால் எனக்குச் சரிப்படாது. அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் யாரோ பர் துபாய்க் கடையில் போட்டுவிட்டுப் போனது. ஐரோப்பாவில் துறவிகள் கையால் எழுதிய பழைய வேத ஏடுகளின் புனிதர் படங்கள். நான் கிறிஸ்தவன் இல்லை. படங்கள் பிடித்திருந்தன, அவ்வளவுதான்.

அவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே முகம். கையில் இருப்பதை வைத்துத்தான் யாரென்று சொல்ல முடியும். இரும்புக் கம்பித் தட்டு என்றால் லாரன்ஸ். அதில் கிடத்தித்தான் அவரைச் சுட்டார்கள். கத்தி என்றால் பர்த்தலமேயு. அவரை உயிரோடு உரித்த கத்தி. எந்த முகத்திலும் கோபம் இல்லை.

அல் குசைஸில் எங்கள் யார்டில் பழைய எண்ணெய் டேங்குகளைக் கழுவுவோம். நான் சேஃப்டி சூப்பர்வைசர். ராமையா டேங்குக்குள் இறங்குகிறவன். ஒருநாள் அவனுக்குப் பர்த்தலமேயுவைக் காட்டிக் கதை சொன்னேன்.

"உரிச்சவன் கத்திய உரிபட்டவர் கையில குடுத்துட்டாங்களா? நல்ல நியாயம் சார்," என்று சிரித்தான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை ஸ்டோர்காரன் சாப்பிடப் போயிருந்தான். விஷவாயு மாஸ்க்குகள் பூட்டிய ஸ்டோருக்குள். இன்னொரு சாவி என் மேஜையில்தான் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போக அலுப்பாக இருந்தது.

"மாஸ்க் வந்துரட்டுமே சார்?"

"காலையிலேர்ந்து ஃபேன் ஓடுது. கேஸ் மாஃபி, ஒண்ணும் இல்ல. யல்லா, இறங்கு."

கொஞ்ச நேரத்தில் டேங்குக்குள் அவன் கசடு சுரண்டும் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய் இரண்டு மாஸ்க் எடுத்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மற்றது அவனுக்காகத்தான் எடுத்தது, அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மல்லாந்து கிடந்தான். மூச்சு இருந்தது. பிழைத்தால், யார் இறக்கியது என்று கேட்பார்கள், எனக்கு ஜெயில். என் மகள் சுஷ்மிதா இங்கேதான் படிக்கிறாள். அவனே மாஸ்க்கைக் கழற்றிவிட்டான் என்றால் யாருக்கும் தொந்தரவில்லை. கையில் இருப்பதைத்தானே பார்ப்பார்கள்.

மாஸ்க்கை அவன் கையில் வைத்தேன். விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

மணிக்கட்டு ஏன் கன்றியிருக்கிறது என்று கேட்டீர்கள். அவன் அதை முகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தான். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடங்கிய பிறகுதான் மேலே வந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஊரில் அவன் மனைவி சுசீலாவுக்குத் தகவல் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். அவன் தனியாகச் சாகவில்லை. கடைசிவரை நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.