சமர்த்துப் பிள்ளை

என் தம்பி மனைவி வாணி பேச ஆரம்பித்தால் கேத்தலில் கொதித்த தண்ணீர் ஆறிப்போகும். நல்ல பெண்தான். பிரிக்பீல்ட்ஸில் அலுவலக வேலை. அங்கே நடந்ததையெல்லாம் கிள்ளானுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் சொல்லுவாள். எனக்குப் புத்தகமும் அமைதியும் போதும். அவள் வருவதற்கு முன் தம்பி யுகேந்திரனும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுவோம். அந்த இதம் உங்களுக்குப் புரியுமா, மேடம்? எல்லோரையும் விசாரித்துப் பேசவைப்பதுதான் உங்கள் போலீஸ் வேலை. பாவம் நீங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, இஞ்சி, கருப்பட்டியோடு பிராந்தி ஊற்றி மருந்து கிண்டுவது எங்கள் வீடுகளில் வழக்கம். என் கைப்பக்குவத்துக்குத் தெருவில் பெயர் உண்டு. வாணிக்கு அதைக் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்தேன். கிஷன் அப்போது வயிற்றில் இருந்தான்.

"என்னண்ணி, நெஞ்செல்லாம் எரியுது. பிராந்தி ஊத்துனீங்களா?"

"அது பெத்தவங்களுக்கு லா. நீ இன்னும் பெக்கலையே. இஞ்சி கூடிப்போச்சு, குடி."

குடித்தாள். தாயில்லாத பெண், நான் சொன்னால் நம்புவாள். சீக்கிரமே தூங்கியும் போவாள். வீடு பழையபடி ஆனது. அளவை மெல்லக் கூட்டினேன்.

கிஷன் சின்னதாகப் பிறந்தான். தைராய்டு சுரப்பு குறைவு என்று தொப்புள்கொடி இரத்தத்தில் தெரிந்தது. பிள்ளையின் முக அமைப்பைப் பார்த்த டாக்டர், கர்ப்பத்தில் குடித்தீர்களா என்று வாணியிடம் கேட்டார். சத்தியமாக இல்லை என்றாள். யுகேந்திரனுக்கு அவளுடைய ஆபீஸ் விருந்துகள் நினைவுக்கு வந்தன.

"அக்கா, நீ ஏதாச்சும் பாத்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வாணியைச் செமினியில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பிள்ளை என்னிடம் இருந்தான்.

தைராய்டு மாத்திரையைத் தினமும் காலையில் பொடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை வளராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒழுங்காகக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்கள் தெளிந்தன. குரல் வந்த பக்கம் திரும்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாணி பார்க்க வந்தபோது, அவள் சத்தம் கேட்டதும் காலை உதைத்துக்கொண்டு என் மடியிலிருந்து அவளிடம் தாவினான்.

"பாத்தீங்களா அண்ணி, என்னை மாதிரியே வாயாடியா வரப்போறான்."

மறுநாளிலிருந்து மாத்திரை கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் கிஷன் சமர்த்தாகிவிட்டான். வைத்த இடத்தில் இருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். வாணி வந்து கையை நீட்டினாலும் சுவரையே பார்ப்பான். மாத்திரை உள்ளே போகவில்லை என்று காட்டிக்கொடுத்த இந்த இரத்தப் பரிசோதனைதான் அவசரப்பட்டுவிட்டது. நீங்களும் மாத்திரையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். பிராந்தியை நானாகத்தான் சொன்னேன். தம்பி வீணாக அவளைச் சந்தேகப்படக்கூடாது, இல்லையா?

வாணி வெளியே காத்திருக்கிறாளாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கிஷனுக்கு அழக்கூடத் தெம்பில்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். என்னோடு இருக்கும் பிள்ளைக்கு அழ என்ன இருக்கிறது, மேடம்?