எட்டுக்கு ஆறு பிளெக்ஸ்

புதுக்கோட்டை மாவட்டப் பொதுமக்கள் அனைவருக்கும் இதன் மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில், காலை எட்டு மணிக்கு மேல் யாரும் கேமராவைக் கையில் எடுக்க வேண்டாம். எட்டு மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடும். மூக்கின் நிழல் மீசை மாதிரி உதட்டில் விழும், பெண்களுக்கும்கூட. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம் எடுத்து வருகிறேன். பெயர் ஆத்மநாதன், வயது ஐம்பத்தொன்று, ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தொழில் என்ற இடத்தில் ஒளிப்படக் கலைஞர் என்று போட்டுக்கொண்டால் நல்லது, இன்ஸ்பெக்டர் மேடம்.

உங்கள் ஏட்டையா எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன். நாகராசு அண்ணனை நான் குவாரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். நான் யாரையும் தள்ளவில்லை. அண்ணன் மேல் என் விரல்கூடப் படவில்லை. அதனால்தான் தாளைக் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

என் ஆசை சின்ன ஆசை. நான் எடுத்த ஒரு படத்தின் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் நடையை நிறுத்தி, ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். திருமயம் கோட்டையை மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் எடுத்திருக்கிறேன். சித்தன்னவாசல் பாறையில் விடியும்வரை கொசுவுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் நடக்கும்போது செதிலும் குடலும் மிதிபட அந்த நாற்றத்தில் முழங்கால் போட்டு எடுத்திருக்கிறேன். அவற்றை எல்லாம் எங்கள் 'ஒளியின் மைந்தர்கள்' வாட்ஸப் குழுவில் போடுவேன். நாற்பத்திரண்டு மைந்தர்கள். ஒருவர் 'அருமை சார்' என்பார், மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டுவார்கள். அடுத்த நிமிஷம் ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டு என் கோட்டையை மேலே தள்ளிவிடுவார். அந்த ரோஜாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கும் உண்ணாமலை என்ற அம்மாவை எடுத்தேன். சட்டியிலிருந்து ஆவி எழும்ப, அதற்குப் பின்னால் அவர் முகம். மூன்று மாதம் கழித்து அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மகன் ஆனந்தராஜ் சிங்கப்பூரிலிருந்து வந்து என்னைத் தேடிப் பிடித்தான்.

"ஆதார் கார்டுல இருக்கது எங்க ஆத்தா மாதிரியே இல்ல சார். நீங்க எடுத்தத குடுங்க, பிளெக்ஸ் வைக்கணும்."

கொடுத்தேன். எட்டடிக்கு ஆறடி, பஸ் ஸ்டாண்ட் வாசலில். மறுநாள் பார்க்கப் போனேன். கூடையோடு போன ஒரு பெண் நின்றாள், கூடையை இறக்கி வைத்தாள், பிளெக்ஸின் கன்னத்தைத் தொட்டாள். அறந்தாங்கி பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "கெழவி நம்மளயே பாக்குது பாருண்ணே, கடலக் காசு குடுத்தியான்னு கேக்குற மாதிரி" என்று டிரைவரிடம் சொன்னான். டிரைவர் எட்டிப் பார்த்தார். நான் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று பேர் நின்று பார்த்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஓர் உண்மை விளங்கியது. நம் ஊரில் பிறந்தநாளுக்கும் பிளெக்ஸ் உண்டு, காதுகுத்துக்கும் உண்டு, கல்யாணத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் அவற்றில் மாமன் தலை, மச்சான் தலை, கறுப்புக் கண்ணாடி போட்ட நண்பர்கள் தலை, மூலையில் தலைவர் தலை என்று நாற்பது தலை இருக்கும். ஒரு மனிதனுக்கு இந்த மாவட்டத்தில் தனியாக ஒரு பிளெக்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் அவன் செத்தாக வேண்டும்.

அதன் பிறகு வயதானவர்களாகத் தேடி எடுத்தேன். எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அரிமளத்தில் ராக்காயி என்று தொண்ணூற்றொரு வயது அம்மா. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் எடுத்தேன். அடுத்த மாதம் அந்த அம்மா சந்தையில் நின்று கருவாட்டுக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் மனிதர்களை நம்புகிறவன். இந்த மாதிரி நடந்துகொண்டால் என்ன செய்வது.

நாகராசு அண்ணன் அப்படிப்பட்டவர் அல்ல. கடலை மொத்த வியாபாரி, வயது ஐம்பத்தெட்டு. நடைப்பயிற்சியில் பழக்கமாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரத் தொடங்கினார். பஜ்ஜி தின்றுவிட்டு எண்ணெய் விரலை என் கேமராப் பையில் துடைப்பார். படத்துக்கு நின்றால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, விடியாத கடலைப் பார்த்து யாருக்கோ கும்பிடு போடுவார், ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி. பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் நல்ல மனிதர். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். திருப்பணிக் குழு, ரத்ததானக் கழகம், கபடிக் குழு, ஆட்டோ ஸ்டாண்ட், கூடப் படித்தவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் என்று எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு பொறுப்பு. மொத்தம் ஏழு. நம் ஊரில் ஒரு சங்கம் வைத்த பிளெக்ஸோடு இன்னொரு சங்கம் சேர்ந்துகொள்ளாது. அது மரியாதைக் குறைச்சல். ஏழு சங்கம் என்றால் ஏழு பிளெக்ஸ்.

நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆனி மாதம் முதல் ஞாயிறு, மணமேல்குடிக் கடற்கரை. அண்ணன் கணுக்காலைத் தாண்டித் தண்ணீரில் இறங்கவில்லை. "எனக்கு நீச்சலு தெரியாதுப்பா, இம்புட்டுதான் நம்ம எல்லை" என்றார். சூரியன் ஒரு விரல்கடை ஏறியிருந்தது. அப்போது ஒரு நண்டு அவர் கால்மேல் ஏறியது. வயிற்றையும் கும்பிடையும் ஒருசேர மறந்துவிட்டுச் சிரித்தார். எடுத்துவிட்டேன். மேடம், நான் தற்பெருமைக்காரன் அல்ல. ஆனால் அந்தப் படத்தைப் போல் ஒன்றை இந்த மாவட்டத்தில் யாரும் எடுத்ததில்லை. காதோரம் பொன் கோடு. கண்ணில் தண்ணீர். ஒவ்வொரு நரை முடியும் தனித்தனியே தெரியும்.

அண்ணன் கேமராவை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஏப்பா, இது நானா? எங்க அப்பாரு மாதிரில்ல இருக்கு." பிறகு தோளில் கை போட்டார், அந்த எண்ணெய்க் கை. "ஆவணியில காவ்யாவுக்குக் கல்யாணம்ப்பா. கல்யாண பிளெக்ஸ்ல இதத்தான் போடணும். ஒருத்தருக்கும் காட்டிராத, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்யாண பிளெக்ஸ். நாற்பது தலைகளுக்கு நடுவில், தபால்தலை அளவில், மணமகளின் தந்தை. கூடவே அந்த ரோஜாப்பூ. ஒரு கலைஞனுக்கு இதைவிட அவமானம் இருக்க முடியாது. நான் கோபப்படவில்லை. ஆவணிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு, அந்தக் கைவிட்ட கல்குவாரி. ஆளுக்கொரு வண்டியில் போனோம். பள்ளத்தில் தண்ணீர் பாசிப் பச்சையாக நிற்கும், ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு செருப்பும் காலிப் பாட்டில்களும் மிதந்தன. இந்த ஜனங்களுக்கு ஓர் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடிண்ணே."

"பாத்துச் சொல்லுப்பா. பின்னாடி பாற இருக்குல்ல?"

"இருக்குண்ணே. நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

"அங்கிட்டா, இங்கிட்டா?"

"நேரா பின்னாடி. இன்னும் ரெண்டு எட்டு."

அதில் பாதிதான் பொய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கும்பிடு போட்டபடியே, ஓர் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டுக்குப் பாறை இல்லை.

டிரைபாடை நீட்டியிருக்கலாமே என்று ஏட்டையா கேட்டார். அது கார்பன் ஃபைபர். எட்டுக் கிலோவுக்கு மேல் தாங்காது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அண்ணன் எண்பத்திரண்டு கிலோ. மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறை, "ஏப்பா, கையக் குடு" என்றார். இரண்டாம் முறை என் பெயரைச் சொன்னார். மூன்றாம் முறை காவ்யாவின் பெயரை. தண்ணீருக்குள் இருந்தபோது நான் அவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கென்று ஒரு நாகரிகம் இருக்கிறது. தண்ணீர் அசைவது நின்ற பிறகு லென்ஸைத் துடைத்து மூடி, பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மணமேல்குடிப் படத்தைத் திறந்து வண்ணத்தைக் கொஞ்சம் சரிசெய்தேன். ஊரில் எல்லா அஞ்சலி பிளெக்ஸும் அடிப்பது தமிழ்செல்வன் கடையில்தான். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் நசுங்கி, நரை முடி எல்லாம் சேறாகிவிடும். அதனால் முழு அளவில் மின்னஞ்சலில் அனுப்பினேன். தலைப்பு: 'நாகராசு அண்ணன் அஞ்சலி பிளெக்ஸுக்கு, இந்தப் படம் மட்டும்.' அப்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு. ஆடு மேய்க்கப் போனவர் அண்ணனைப் பார்த்தது பதினொன்றுக்கு. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். படத்தின் தரத்தில் அக்கறை இல்லாதவனாக இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருந்த நேரத்தில், ஊர்வலம் போகிற மாதிரி ஒவ்வோர் இடமாகப் போனேன். ஏழு சங்கமும் வைத்திருந்தன. கீழராஜ வீதி முனையில் முதல் பிளெக்ஸ். நின்று பார்த்தேன். அடுத்ததற்குப் போனேன். ஏழையும் பார்த்துவிட்டுத் தமிழ்செல்வனிடம் போய்க் கேட்டேன். அவன் பிளேடால் பிளெக்ஸ் ஓரத்தை வெட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான்: "மெயிலெல்லாம் யாரு சார் பாக்குறா? போலீஸு கேட்டாங்கன்னு காவ்யா பாப்பா ஒரு படத்த எல்லாருக்கும் அனுப்பிச்சுல்ல, அதான் என் போன்ல இருந்துச்சு. அதையே போட்டு அடிச்சுட்டேன்."

என் மின்னஞ்சலைத் திறந்து பார்த்த முதல் ஆள் நீங்கள்தான், மேடம்.

ஏழு பிளெக்ஸிலும் இருந்தது ஆதார் கார்டு படம்.