சக்கரம் சேர்க்காத அளவு

பையை அளக்கும்போது சக்கரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும், ஐயா. நீங்கள் துணி தொடங்கும் இடத்திலிருந்து நாடாவைப் பிடிக்கிறீர்கள். அப்படிப் பிடித்தால் நாற்பது சென்டிமீட்டர்தான் வரும். பையில் தொங்குகிற அட்டையிலும் அதுதான் அச்சடித்திருக்கிறது. தரையிலிருந்து பிடியுங்கள். நாற்பத்து நான்கு வந்திருக்குமே? உங்கள் விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைக்க நாற்பதுக்கு மேல் கூடாது. ஆக நாலு சென்டிமீட்டர் அதிகம். என் கைக்கு இரண்டு விரற்கடை.

விமானம் ஏறும் வாசலில் நின்ற ஒரு பெண் என் தம்பியின் பையைப் பிடுங்கிச் சரக்கோடு போட்டுவிட்டாள், அதில் இருந்த மாத்திரை கைக்கு எட்டாமல் அவன் வானத்திலேயே செத்துப்போனான் என்று தம்பி மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பை அடங்கக்கூடிய பைதானா என்று அளந்து பார்க்க இன்று என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அளந்தாகிவிட்டது. டீ போட்டுத் தர எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும். மீதியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி, பை விற்கும் கடையில் முப்பத்து நாலு வருடம் நின்றவன் நான். நின்றவன் என்று சும்மா சொல்லவில்லை, முதலாளி நாற்காலி போடவில்லை. கடையில் என் பெயர் 'சாண்'. நாடாவைத் தொடமாட்டேன், கையை விரித்து வைத்தால் அதுதான் அளவு. ஒருமுறை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மாமியார் ஊருக்குக் கிளம்புகிறார், பெட்டி வேண்டும் என்றார். பின்னால் மாமியார் பேசிக்கொண்டிருந்த சத்தத்தை வைத்தே பெட்டியை எடுத்து வைத்தேன். எல்லாச் சாமானும் அடங்கி, கடைசியில் ஒரு கைக்குட்டைக்கு மட்டும் இடம் மிஞ்சியதாம். அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்துக்கொண்டு போனதால் அந்த இடமும் காலியாகவே இருந்ததாம். இதை நம்பாவிட்டால் விடுங்கள். இனிமேல் சொல்லப்போவதை நம்பினால் போதும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இரண்டு விரற்கடை கிழவனுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தான். மனைவி போன பிறகு பதினொரு வருடமாக என்னோடுதான் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்க்கப் போன பெண்களையெல்லாம் அண்ணன் சாணால் அளந்தான் என்று தம்பி சொல்வான். அவனுக்கு நெஞ்சு பலவீனம். நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். என்னை விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. காலையில் டீ போட்டு எடுத்துவந்து என்னை எழுப்புவான். என் கண்ணில் புரை விழுந்து நாலு வருடமாகிறது, அதனால் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டுவான். சமைப்பான், துவைப்பான், என் கால் நகத்தை வெட்டிவிடுவான். இப்படி நான் ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அவன் தெம்பாக இருந்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அவன் மகள், இனிமேல் என்னோடு வந்து இருந்துவிடுங்கள் என்று டிக்கெட் அனுப்பினாள். "பெரியப்பாவையும் கூட்டிட்டு வாங்கப்பா" என்றாள். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். என் காது மந்தம் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். வேண்டியது கேட்கும், வேண்டாதது கேட்காது. பொய்க்காது என்று கண்டுபிடித்தவன் தம்பி ஒருவன்தான். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பை வாங்க நானும் கூடப் போனேன், என் பழைய கடைக்குத்தான். அவன் முதலில் கையில் எடுத்தது ஒரு துணிப் பை. சக்கரம் இல்லை, மெத்தென்று இருக்கும், எந்த இருக்கைக்கு அடியிலும் பூனை மாதிரி நுழைந்துகொள்ளும். "தோள்ல மாட்டுனா நெஞ்சு வலிக்கும்டா, கீழ வை" என்றேன். அவன் உடம்பின் மேல் எனக்கு அவ்வளவு அக்கறை. அப்புறம் இதை எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, நாப்பதுக்கு மேல கூடாதுன்னு டிக்கெட்டுல போட்டிருக்கு."

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"நாப்பது. ஆனா சக்கரம் இருக்கே?"

"உன் உயரத்தை அளக்குறப்ப செருப்பையும் சேத்தா அளப்பாங்க?"

சிரித்துவிட்டான். "வாழ்க்கை பூரா பை வித்த ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

என் திட்டத்தில் கெட்டது எதுவும் இல்லை, ஐயா. வாசலில் அளவு பார்க்கிற இரும்புக் கூண்டில் பை நுழையாது. கொடு, சரக்கோடு போடுகிறோம் என்பார்கள். அந்தப் பையில் அவன் மனைவியின் மூக்குக்கண்ணாடி இருந்தது. பதினொரு வருடமாக அவன் அதைக் கை விட்டதில்லை. கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பிறகு யோசித்தேன். கண்ணாடிக்காக மட்டும் திரும்புவானா? சந்தேகமாக இருந்தது. மாத்திரையும் உள்ளே இருந்தால் நிச்சயம் திரும்புவான்.

அதனால், கிளம்புகிற அன்று காலையில், அவன் குளிக்கும்போது சட்டையிலிருந்து எடுத்து இதற்குள் வைத்தேன்.

அவனிடம் மறைக்கவில்லை. மறைத்தால் திட்டம் நடக்காதே. "குனிஞ்சா விழுந்துடும்டா, பையில வெச்சிருக்கேன்" என்றேன். எந்த அறையில் என்று கேட்டான். வண்டிக்காரர் காத்திருக்கிறார், கிளம்பு என்றேன். இந்தப் பையில் பதினொரு அறைகள். விற்கும்போது அதைத்தான் பெருமையாகச் சொல்வோம். பதினோராவது, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் உள்துணியோடு ஒட்டினாற்போல் இருக்கும். நாங்கள் தொட்டுக் காட்டினால்தான் வாங்குகிறவருக்கே தெரியும். இதோ, உங்கள் கையைக் கொடுங்கள். இங்கே. மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

அவன் போன பிறகு, சுருட்டி வைத்திருந்த அவன் படுக்கையைத் திரும்ப விரித்தேன். வாசல் கதவைத் தாழிடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவான் என்று கணக்கு.

பத்தரை மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, மாத்திரைய எந்த அறையில வெச்சே? பை நுழையலையாம். மருந்து இருந்தா எடுத்துக்குங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல."

"ஹலோ? கேக்கலடா" என்றேன்.

மறுபடி சொன்னான். சத்தமே வரவில்லை என்றேன். மூன்றாவது முறை, பிழை திருத்துகிறவன் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னான். பின்னால் அந்தப் பெண், "மெதுவா தேடுங்க பெரியவரே, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்னதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னடா சொல்ற, வீட்டுக்கு வர்றியா?" என்றேன்.

பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிண்ணே. ஒடம்பப் பாத்துக்க" என்றான்.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததை நீங்கள் சற்று முன்னால் படித்துக் காட்டினீர்கள். பெரியவர் போனை வைத்துவிட்டு, "எங்கண்ணனுக்குக் காது கேக்காதும்மா, பாவம்" என்று சொல்லிவிட்டு, தானே பையைத் தூக்கிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாள். நான் உங்களைத் திரும்பப் படிக்கச் சொன்னது அந்த வரியைத்தான். அதுவும் காதில் விழாமல் இல்லை.

விமானம் கிளம்பி இரண்டாவது மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள். அவன் காலுக்கு நேர் கீழே, சரக்குத் தளத்தில் பை இருந்திருக்கும். இருக்கைக்கு அடியில் வைத்தது போலத்தான், ஒரு வகையில்.

தம்பி மகள் வந்து காரியங்களை முடித்துவிட்டு, பையை இங்கேயே விட்டுப் போனாள். "அந்தப் பொண்ண சும்மா விடமாட்டேன் பெரியப்பா" என்றாள். நான் தலையாட்டினேன். வாரா வாரம் போனில் சொன்னாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் "ம்" என்றேன். இரண்டு மாதம் "ம்" என்றேன். அந்தப் பெண் இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதுங்கள். பை பெரியது என்று தெரிந்தே வாங்கிக் கொடுத்தேன். மாத்திரையை நான்தான் எடுத்தேன். எங்கே என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் என் காது கேட்டது. பதினோராவது அறை என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள், காத்திருக்கவும் செய்தாள். தம்பி மகளுக்கும் இதையே அனுப்புங்கள், ஒரு வரியும் குறைக்காமல்.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டாம். கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் என் விரலைப் பிடித்து வையுங்கள். இதுவரை தம்பிதான் பிடித்து வைப்பான். சொன்னேனே ஐயா, நான் இல்லாமல் அவனுக்கு ஒரு நாள் நகராது.