கதவு வெச்ச தொட்டி

தொறக்க முடியாதுன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க தம்பி? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கப்பல் கெளம்பிட்டா வண்டித் தளத்தைப் பூட்டிடுவீங்க, அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு ஆளையும் கீழ விடமாட்டீங்க, அதான் சட்டம். சரி, சட்டத்தை நான் குத்தம் சொல்லல. சட்டம் போட்டவன் என் வண்டியைப் பாத்ததில்லை, அதைத்தான் சொல்றேன்.

நான் என்ன கேக்கறேன்? ஒரே ஒரு கொக்கி. அதை எடுத்து வேற எடத்துல மாட்டணும். அவ்வளவுதான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மேல வந்துடுவேன். சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? நீங்களும் கூட வாங்க. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வேணாலும் வாங்க.

வெறும் பைக்குன்னா நான் எதுக்கு இப்படிப் படிக்கட்டு வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தப் போறேன்? வெறும் பைக்கைக் கட்டறதுல உங்க ஆளுங்க கெட்டிக்காரங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சக்கரத்துக்கு முன்ன பின்ன கட்டை வெக்கறாங்க, சீட்டு மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டு, பட்டையைக் குறுக்க விட்டு, தரையில இருக்கற வளையத்துல ரெண்டு பக்கமும் இழுத்து இறுக்கிடறாங்க. அசையாது. ஆனா என்னோடது பக்கத்துல தொட்டி சேத்த வண்டி. சைடு கார். மூணாவதா ஒரு சக்கரம் இருக்கு. அதைப் பாத்ததும் உங்க ஆரஞ்சுச் சட்டைக்காரர் தலையைச் சொறிஞ்சாரு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஐயா, தொட்டி மெல்லிசுத் தகடு, அதைத் தொடாதீங்க, அடியில கனமா இரும்புக் குழாய் போகுது, பட்டையை அதுல போடுங்கன்னேன். கேட்டாரா? பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், இவருக்கு அவசரம். கைக்கு எது சிக்குச்சோ அதுல கொக்கியை மாட்டி இழுத்துட்டாரு. எதுல மாட்டினாரு தெரியுமா? கதவுக் கீல்ல! கட்டைவிரல் தண்டி இருக்கற கீலு தம்பி அது. அதுல லாரி கட்டற பட்டையைப் போட்டு, நெம்பி நெம்பி இறுக்கறாரு. நான் ஐயோ ஐயோன்னு கத்தறேன். ரெண்டு பேர் வந்து என் தோளைப் பிடிச்சு, பயணிங்க எல்லாம் மேல போங்க, மேல போங்கன்னு தள்ளிட்டாங்க. என்னமோ நான் ஆடு மாதிரி.

இப்பப் பாருங்க, தரை எப்படி ஏறி எறங்குது. ஒவ்வொரு தடவை கப்பல் சாயறப்பவும் கீழ அந்தக் கீலு என்ன பாடு படுதோ. பிச்சுக்கிட்டு வந்துடுச்சுன்னா அப்புறம் அந்தக் கதவு நிக்காது. கதவு இல்லேன்னா நான் இவ்வளவு தூரம் வந்ததே தண்டம்.

ஆமா, கதவுதான். சிரிச்சுக்கோங்க. காலையிலேர்ந்து எல்லாரும் சிரிச்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அந்தக் கூட்டமா வந்திருக்கானுங்களே, எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, பெரிய பெரிய பைக்கு, அதுல ஒருத்தன் வந்து என் தொட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். பெரியவரே, காலைத் தூக்கி உள்ள வெச்சா ஏறிடப் போறாங்க, இதுக்கு எதுக்கு வீட்டு வாசல் மாதிரி கதவு, அழைப்பு மணி வெக்கலையான்னான். சுத்தி நின்னவன் எல்லாம் இளிச்சானுங்க. இன்னொருத்தன் போட்டோ எடுத்தான். வந்த கோபத்துக்கு ஹெல்மெட்டாலயே ஒண்ணு போட்டிருப்பேன். வரிசை நகர்ந்துடுச்சு, பொழைச்சான்.

வரிசைன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கதையைக் கேளுங்க. பைக்கு வரிசையில போய் நின்னேன். இது பைக்கு இல்ல, மூணு சக்கரம், கார் வரிசைக்குப் போன்னான். கார் வரிசையில நின்னா, இது கார் இல்ல, கூரை எங்க, பைக்கு வரிசைக்குப் போங்கறான். மாத்தி மாத்திப் பந்தாடினானுங்க. கடைசியில ஒரு மகராசி, டிக்கெட் ஜன்னல்ல உக்காந்திருந்த அம்மா, லாரி வரிசையில விட்டாங்க. முன்னாடி ஒரு மர லோடு, பின்னாடி ஒரு சிமெண்ட் லோடு, நடுவுல நான். சுங்கத்துல ஒரு அதிகாரி தொட்டியைத் தட்டித் தட்டிப் பாக்கறான், மெத்தையைத் தூக்கச் சொல்றான், அடியில படுத்து டார்ச் அடிக்கறான். உள்ள என்ன இருக்குன்னான். ஒண்ணும் இல்லைன்னேன். ஒண்ணும் இல்லாத தொட்டியை எதுக்குய்யா கடல் தாண்டி இழுத்துட்டுப் போறேன்னான். நல்லாக் கேட்டான் போங்க. அதைக் கழட்டிக் கரையிலயே போட்டுட்டு வெறும் பைக்காப் போன்னு யோசனை வேற. கப்பலோட சரிவுப் பலகையில ஏறுறப்ப எண்ணெய் வழுக்கி, சைடு சக்கரம் அந்தரத்துல தூக்கி, நான் ஒரு நிமிஷம் செத்துப் பொழைச்சேன். இவ்வளவையும் தாண்டி ஏத்தியாச்சு, இப்ப ஒரு கொக்கியால போகணுமா?

தொட்டியில உக்காரப் போற ஆள் யாரா? ஆள் அந்தப் பக்கம் இருக்கான். அவனை இதுல உக்கார வெக்கத்தான் போறேன். என் கூட்டாளி. நெட்டைன்னு கூப்பிடுவோம், அப்படி ஒரு உயரம். கதவு நிலையில இடிச்சு இடிச்சு நெத்தி வீங்கிப் போனவன். நாங்க ரெண்டு பேரும் ஒரே பட்டறையில வெல்டிங் கத்துக்கிட்டோம். இந்தப் பைக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்கினது. காலையில அவன் ஓட்டுவான், நான் பின்னாடி. சாயங்காலம் நான் ஓட்டுவேன், அவன் பின்னாடி. அவன் பின்னாடி உக்காந்தா முட்டி ரெண்டும் என் இடுப்புக்கு மேல வந்து நிக்கும், பாக்கவே சகிக்காது. ஒரு நாளைக்கு இதைக் கப்பல்ல ஏத்தறோம், அக்கரையில எறங்கறோம், மலை வரைக்கும் ரோடு போகுதாம், அந்த ரோடு தீர்ற எடம் வரைக்கும் போறோம். இதை முதல்ல சொன்னது அவன்தான். நான் இல்ல. என் தலையில ஏத்தினதே அவன்தான்.

அப்புறம் அக்கரையில வேலை கெடச்சு அவன் முன்னாடி போயிட்டான். பைக்கை நீ வெச்சுக்க, கப்பல்ல ஏத்திக்கிட்டு வா, துறைமுகத்துலயே நிப்பேன்னான். நான் ஒவ்வொரு வருஷமும் கேப்பேன். டேய், இந்த வருஷம் வரட்டுமா? லீவு தரமாட்டேங்கறான்டா, அடுத்த வருஷம். வீடு ஒழுகுதுடா, அடுத்த வருஷம். பொண்ணுக்குப் பரீட்சைடா, அடுத்த வருஷம். சரி, குடும்பஸ்தன், என்ன செய்வான்னு விட்டேன். எனக்கும் பொண்ணுங்க கல்யாணம், பட்டறை, ஆயிரம் இருந்துச்சு. ஆனா இப்பக் கொஞ்ச காலமா அவன் சொன்ன சாக்கு இருக்கே, அதுல தலையும் இல்ல வாலும் இல்ல. சளிங்கறான். சளிக்கா ஒருத்தன் வருஷக் கணக்கா வண்டி ஏறமாட்டான்? போன்ல படம் வருமே, அதுல மூஞ்சி மட்டும் காட்டுவான். சட்டைப் பையைத் தாண்டிக் கீழ போகாது. நானும் மடையன், டேய் கன்னம் எல்லாம் உப்பி நல்லா இருக்கேடா, வேலை செய்யாம உக்காந்து தின்னறியான்னு கேலி பண்ணிக்கிட்டு இருந்தேன். அவனும் சிரிச்சான் தம்பி. எப்படிச் சிரிக்க முடிஞ்சுது அந்தப் பாவிக்கு?

கடைசியா நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நீ வரவே மாட்டே, பணக்காரன் ஆயிட்டே, என் கூட ஓட்டை பைக்குல உக்கார உனக்குக் கௌரவக் கொறைச்சல், இனிமே பேசாதேன்னு போனை வெச்சுட்டேன். மறுநாள் அவன் சம்சாரம் கூப்பிட்டுச்சு. தங்கச்சி மாதிரி அது எனக்கு. அவருக்குத் தெரியாம மாடியில நின்னு பேசறேண்ணேன்னுச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருண்ணே, நீங்க கோச்சுக்கிட்டதுலேர்ந்து சாப்பிடலைண்ணேன்னு, அப்புறம் அழுதுக்கிட்டே விஷயத்தைச் சொல்லுச்சு.

போனை வெச்சுட்டு நேராப் பட்டறைக்குப் போய் இரும்பை வெட்ட ஆரம்பிச்சுட்டேன். என் வீட்டுக்காரி வந்து, யார் வீட்டு கேட்டு இது, இவ்வளவு சின்னதா இருக்குன்னா. கேட்டு கிரில் எல்லாம் செய்யறதுதானே என் தொழில், அதான் கதவு வெச்சுட்டேன்னு நெனைக்கறீங்களா நீங்களும்? கறுப்புக் கோட்டுக்காரன் சொன்ன மாதிரி, காலைத் தூக்கி வெச்சு ஏறினாப் போச்சுதான். எவனுக்கும் அது போதும். கால் இருந்தாத்தானே தூக்கி வெக்கறதுக்கு? முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க தம்பி. வலது கால். சக்கரை. செருப்புக் கடிச்ச புண்ணாம், பெருசா எடுத்துக்கலையாம். அதான் கதவு, அதான் உள்ள பிடிச்சுக்கக் குழாய், அதான் ஊன்றுகோலைச் சொருகி வெக்கப் பக்கத்துல ஒரு கூடு. பக்கவாட்டுல அப்படியே உக்காந்து நகர்ந்து உள்ள போயிடலாம், யாரும் தூக்க வேணாம். தூக்கினா அவனுக்குப் பிடிக்காது.

எந்திரிக்கறீங்களே. பாவம் பாத்து எந்திரிக்காதீங்க, சொல்லிட்டேன். அவனைப் பாவம்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாவமாம்ல. ஊர் பூரா தெரியும், ஆபீஸ்ல தெரியும், பால் ஊத்தறவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதாம். நான் தெரிஞ்சுக்கிட்டா மலைக்குப் போற பேச்சையே விட்டுடுவேனாம், அப்புறம் வருஷா வருஷம் கேக்கறதுக்கு ஆள் இருக்காதாம். இதைத் தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கான். இவனை என்ன பண்ணலாம் சொல்லுங்க? நான் வர்றதே அவனுக்குத் தெரியாது. சொல்லியிருந்தா, ஊர்ல இல்லைன்னு ஒரு புளுகு புளுகியிருப்பான்.

சாவி அதுதானா? வாங்க, வாங்க. பாத்து, படி வழுக்குது. இல்ல, பை இருக்கட்டும், நானே தூக்கிக்கறேன், கனமா ஒண்ணும் இல்ல. பூட்ஸ்தான். மலை ரோட்டுக்கு முட்டி வரைக்கும் ஏறுற மாதிரி பூட்ஸ் போடணும்னு அந்தக் காலத்துலேர்ந்து அவனுக்கு ஒரு ஆசை. கடையில போய் இடது கால் மட்டும் குடுன்னேன். ஜோடியாத்தான் விப்பேன், ஒத்தையா குடுத்தா மிச்சத்தை நான் என் தலையிலயா கவுத்துக்கறதுன்னு கடைக்காரன் மல்லுக்கு நின்னான். சரி போன்னு ரெண்டையும் வாங்கிட்டு வந்துட்டேன். அதுவும் நல்லதாப் போச்சு. அவன் வீட்டு வாசல்ல நின்னு, வலது பூட்ஸை முதல்ல அவன் மூஞ்சியிலயே விட்டெறியணும் எனக்கு. அப்புறம்தான் இடதை மாட்டி விடுவேன்.