பிரசவ வார்டு திறந்தாச்சு

அக்கா: ...சுவத்தைத் தட்டிப் பாக்காதடா. நான் கட்டினது, விழாது.

தம்பி: இத்தனை வருஷம் வெறும் தூணாத்தானே நின்னுச்சு... சுவர்னு ஒண்ணு வரும்னே நான் நம்பலக்கா.

அக்கா: அந்தத் தூண் நிழல்ல ஆம்புலன்ஸை நிறுத்திட்டுத் தூங்கினவன்தானே நீ!

தம்பி: எங்க தூங்க விட்டாங்க? வலியெடுத்த பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினதுதான் மிச்சம். ஒரு குழந்தை வண்டியிலயே பிறந்துச்சு. உங்க ஆபீஸைத் திட்டாத நாள் இல்ல.

அக்கா: திட்டு. பணம் இல்லாம நின்னிருந்தாக்கூட மனசு ஆறும். ஒதுக்கின பணம் வருஷா வருஷம் செலவாகாமத் திரும்பிப் போச்சு.

தம்பி: யாரு தடுத்தாங்கக்கா?

அக்கா: யாரும் தடுக்கல. யாரும் கையெழுத்துப் போடல, அவ்வளவுதான். பழைய கான்ட்ராக்டர் பாதியில ஓடிட்டான். புதுசா ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு விசாரணை வருமோன்னு பயம். எனக்கு முன்னாடி இருந்த இன்ஜினியருங்க ஃபைலை மேல தள்ளிட்டு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க.

தம்பி: நீ போட்ட.

அக்கா: முறையா டெண்டர் விட்டுத்தான் போட்டேன். ஆனாலும் அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சுடா...

தம்பி: பயந்தா என்ன, போட்டேல்ல? அதான் என் அக்கா!

அக்கா: ஐஸ் வைக்காத. ஆத்துக்கு அந்தப் பக்கத்து வார்டு ஒழுகுதுன்னு பெரிய டாக்டர் விழாவுக்குக்கூடக் காத்திருக்காம இன்னிக்கே திறந்துட்டார். பேஷண்டை உள்ள விட்டாச்சுல்ல, நீ ஏன் இன்னும் வண்டிக்குப் போகல?

தம்பி: போலாம்... அவசரமில்ல.

அக்கா: ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

தம்பி: ஸ்ட்ரெச்சர் தள்ளினேன்ல.

அக்கா: லிஃப்ட்லதானே வந்த?

தம்பி: ஆமா, உன் லிஃப்ட் சத்தமே போடலக்கா...

அக்கா: பேச்சை மாத்துற.

தம்பி: நீ மட்டும் என்னவாம்? திறப்பு விழாவுக்கு என்ன புடவைன்னு கேட்டா மழுப்புற.

அக்கா: ...நான் விழாவுக்கு இருக்க மாட்டேன்டா. மாத்தல் வந்துடுச்சு. ரொம்பத் தூரம்.

தம்பி: கட்டி முடிச்சவளுக்கு இதுதான் பரிசா? கல்வெட்டுல பேராவது போடுவாங்களா?

அக்கா: திறந்து வைக்கிறவர் பேரு இருக்கும். விடு. போற இடத்துலயும் ஒரு ஆஸ்பத்திரி பாதியில நிக்குதாம். அதையும் ஒரு கை பாக்குறேன்.

நர்ஸ்: மேடம், அழுகை கேட்டுச்சா? பொண்ணு! புது வார்டுல முதல் குழந்தை. அம்மாவும் நல்லா இருக்காங்க.

அக்கா: அப்பாடா... எனக்கு இது போதும். ஆமா, அந்த வீட்டு ஆளுங்க யாரையும் காணோமே சிஸ்டர்?

தம்பி: நம்ம ரெண்டு பேரும்தான்கா அந்த வீட்டு ஆளுங்க. தனியார் ஆஸ்பத்திரி வேண்டாம், அண்ணி கட்டின இடத்துலதான் பெத்துப்பேன்னு உன் தம்பி பொண்டாட்டி ஒத்தக்கால்ல நின்னா. சொன்னா கரன்ட் போயிடுமோன்னு நீ ஜெனரேட்டர்கிட்டப் போய்க் காவல் நிப்பேன்னுதான் சொல்லல... வா, முதல்ல நீ தூக்கு உன் மருமகளை!