டெங் பதிவுசெய்த ஒரு நிமிடம்

"படு! படு! பங்கருக்குள்ள இறங்கு!"

யார் கத்தியது, தெரியாது. இறங்குகிறேன். தூரத்தில் 'டும்' என்று குத்தும் சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினொன்றில் செல் விழுந்து வெடிக்கும். இந்த இடத்தில் எப்போதும் பதினொன்றுதான். பன்னிரண்டு. பதின்மூன்று. விழவில்லை. கண்ணைத் திறக்கிறேன். முகத்துக்கு நேரே ஒரு கதிரைக் கால். இது வன்னி இல்லை. சிட்னியில் டூங்கபி. நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கிடக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரோ கார்க் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி. மேசைக்கு வெளியே இரண்டு நீளக் கால்கள். டெங்கின் கால்கள். தென் சூடான்காரன். படம் எடுக்கிறவன். என்னைப் பேட்டி காண மெல்பேர்னிலிருந்து வந்திருந்தான். பேட்டி முடிந்ததும் அவனுக்கு ஒரு வழக்கம். எல்லோரும் ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அறையின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்வான். பேச்சை வெட்டும் இடங்களில் வரும் ஓட்டையை அதை வைத்து அடைப்பான். எனக்கு அமைதி ஆகாது. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவன் கருவியை நிறுத்தவில்லை. ஆறரை அடி உடம்பை மடித்துக்கொண்டு, மைக்கோடு மேசைக்குக் கீழே வந்தான். பக்கத்தில் படுத்தான். அவனும் எண்ணிப் பழகியவன் என்று அப்போது விளங்கியது. என் மகள் எப்படிச் செத்தாள் என்று சொன்னேன். தமிழில் சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

டெங் ஒன்பது வயதில் மாட்டுப்பட்டியிலிருந்து ஓடியவன். நடந்தே எல்லை கடந்தான். கென்யாவில் அகதி முகாம். அங்கே ஒருநாள் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். இவன் பின்னால் போய் மெஷினைப் பார்த்தானாம். மெல்பேர்ன் வந்தான். கோழித் தொழிற்சாலையில் வேலை. பழைய கமரா ஒன்று. ஏழு படங்கள். தானே எழுதி, தானே எடுத்து, தானே வெட்டினான். ஒன்றுகூடத் தியேட்டர் வாசலைக் காணவில்லை. சேர்ச் மண்டபங்களில் காட்டினான். கதிரைகளையும் அவனேதான் அடுக்கினான். பெரிய பட விழாக்களிலிருந்து கடிதம் வரும். படம் நன்று, போர்தான் காணவில்லை என்று. அவன் படத்தில் குண்டு வெடிக்காது. தப்பி வந்த ஒருவர் தன் வீட்டில் இருப்பார். அவ்வளவுதான். வெடித்த சத்தம் எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியாது என்பான். பிடிவாதக்காரன்.

என் படத்தைப் பக்கத்து ஊர் பென்டில் ஹில்லில் காட்டினான். வந்தது பதினாறு பேர். ஒரு அன்ரி பாதியில் எழும்பினா. "இதென்ன பிள்ளை, நீ தேத்தண்ணி போடுறதை நான் உன்ர வீட்டிலயே வந்து பாப்பனே!" மொழிபெயர்த்தேன். டெங் விழுந்து விழுந்து சிரித்தான். மேசைக்குக் கீழே பதிவான அந்த ஒரு நிமிடம் படத்தில் இல்லை. நான் வேண்டாம் என்றிருந்தேன். அவன் அதை யாரிடமும் கொடுத்து அர்த்தம் கேட்கவுமில்லை. அப்படி ஒரு மனிதன் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

போன குளிர்காலத்தில் டெங் செத்தான். நெஞ்சுவலி. தனி அறை. மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். மெல்பேர்ன் போனேன். அடக்கம் முடிந்ததும் அவன் மச்சான் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். என் பெயர் எழுதியிருந்தது. உள்ளே அந்த ஒலிப்பதிவு.

மெல்பேர்னில் என் மகன் இருக்கிறான். எஞ்சினியர். தனியாக இருக்கிறான். நான் சிட்னியில் தனியாக இருக்கிறேன். வாரத்துக்கொரு தொலைபேசி. "ஐம் ஃபைன் அம்மா." அதோடு சரி. சண்டையின்போது அவனுக்கு ஏழு வயது. அக்காவைப் பற்றி அவன் கேட்டதில்லை. நான் சொன்னதில்லை. சொன்னால் இருக்கிற ஒருவனும் போய்விடுவான் என்று பயம். ஆனால் டெங்கும் போய்விட்டான். இனி இதைக் காவல் காக்க எனக்குத் தெம்பில்லை. ஞாயிறு காலை, மகனின் குசினியில், அவன் கணினியில் அந்தப் பதிவைப் போட்டேன்.

முதலில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். கார்க் கதவு. கதிரை விழும் சத்தம். டெங்கின் மூச்சு. பிறகு நான். "ரெண்டு தரம் பதினொண்டு எண்ணினனான். விழேல்லை. ஆமிக்காரன் அடிக்கிறதை நிப்பாட்டிட்டான் எண்டு நினைச்சன். ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா எண்டு பிள்ளையை நான்தான் அனுப்பினனான். திரும்பி வரேக்க விழுந்தது."

மகன் கணினியை மூடினான். பிறகு தமிழில் சொன்னான். "தண்ணி கேட்டு அழுதது நான் அம்மா. பிறகு அந்தத் தண்ணியைக் குடிச்சதும் நான்."

இத்தனை வருடம். ஒரே பாரம். இரண்டு நகரம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். போனதையெல்லாம் கணக்காக எழுதச் சொன்னது அவன்தான்.

இழந்தவை. ஒரு வீடு. ஒரு தையல் மெஷின். மண்மூட்டை தைக்கக் கிழித்த என் கல்யாணக் கூறைச்சேலை. என் கணவர், மாசி மாதம், காலை ஆறு மணி. என் நண்பன் டெங். அவன் எடுக்காமல் போன எட்டாவது படம். நானும் மகனும் பேசாமல் விட்ட வருடங்கள். என் மகள் யாழினி, பன்னிரண்டு வயது, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். மஞ்சள் பிளாஸ்டிக் கானைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். தண்ணீர் சிந்தவில்லை.