பன்னிரண்டாவது டிராக்

வெர்னன்: …பதினோரு பாட்டு! அதுல ஏழு பாட்டு படத்துலயே வராது. யாரோ ஒரு பொண்ணு பாடுற டிஸ்கோ காதலுக்கும் நம்ம நீர்நாய்ப் படத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?

மார்னி: ஆல்பம் அட்டையில போட்டிருக்கே… 'படம் தந்த உணர்வில் பிறந்த பாடல்கள்'னு.

வெர்னன்: பிறந்துச்சாம்! எழுபது நிமிஷம் இசை எழுதியிருக்கேன். எண்பது பேர் வாசிச்சிருக்காங்க. ஆல்பத்துல எனக்கு நாலு நிமிஷம். அதுவும் கடைசியில, சாப்பிட்டு முடிச்சதும் குடுக்குற பல்குத்தி மாதிரி.

மார்னி: போன வாரம்வரை அந்த நாலும் இல்ல, வெர்னன்.

வெர்னன்: அதைத்தான் கேக்குறேன். இருபத்திரண்டு வருஷமா நான் கிறுக்கிக் குடுக்குறதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரிச்சு எழுதுற. ஒருநாளாவது ஸ்டுடியோக்காரங்ககிட்ட வாயைத் திறந்திருக்கியா? இப்ப என்ன மந்திரம் போட்ட?

மார்னி: கேட்டேன். குடுத்தாங்க…

வெர்னன்: அங்கிட்டுத் திரும்பிக்கிட்டுப் பேசாத.

மார்னி: கேட்டேன், குடுத்தாங்கன்னேன். டோனட் எடுத்துக்கங்க.

வெர்னன்: கெட்டிக்காரி! அடுத்த வருஷம் அவங்களோட திமிங்கிலப் படத்துல பாரு, பாதி ஆல்பத்தைப் பிடுங்கிடலாம்… சரி, எந்த இசைத் துண்டைப் போடுற?

மார்னி: வெள்ளம். தாய் நீர்நாய் குட்டியைத் தேடுற இடம்.

வெர்னன்: ம்… அதுவா.

மார்னி: ஏன்?

வெர்னன்: ஒண்ணுமில்ல. அன்னிக்கு ரெக்கார்டிங்ல ஹார்ன் ஊதுறவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

மார்னி: அவங்க ஒரு இடத்துல தப்பா நுழைஞ்சுட்டாங்க. எல்லாரும் நிறுத்திட்டாங்க.

வெர்னன்: தெரியுமே. நான்தானே நிறுத்தினேன்.

மார்னி: நீங்க நிறுத்தல.

வெர்னன்: பின்ன யாரு?

மார்னி: எண்பது பேரும் வாத்தியத்தை மடியில வெச்சுட்டாங்க. நீங்க கையை ஆட்டிட்டே இருந்தீங்க. அப்புறம் செல்லோக்காரி வாசிக்க ஆரம்பிச்சா, ஒவ்வொருத்தரா சேந்துகிட்டாங்க. யாரும் ஒரு வார்த்தை பேசல.

வெர்னன்: ஹெட்போன்ல டிக் டிக்னு தாளம் ஓடிட்டு இருந்துச்சு. அதுல கவனமா இருந்துட்டேன்.

மார்னி: சரி.

வெர்னன்: என்ன 'சரி'? இழுக்காத.

மார்னி: விடுங்க. பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து டேப்பை எடுத்துட்டுப் போயிருவான். முடிவுல கொஞ்சம் வெட்டியிருக்கேன். ஒருதடவை கேட்டுட்டு ஓகே சொல்லுங்க.

வெர்னன்: போடு… ஆமா, சத்தம் காட்டுற மீட்டர் மேல எதுக்கு ஸ்வெட்டரைப் போட்டிருக்க? முள்ளு தெரியல.

மார்னி: காதால கேக்க முள்ளு எதுக்கு?

வெர்னன்: பழக்கம்… சரி, போடு.

மார்னி: …ம்.

வெர்னன்: அடடா, அந்த செல்லோ! என்னமா அழுவுது பாரு… வயலினைக் கொஞ்சம் அடக்கியிருக்க.

மார்னி: அப்படியா?

வெர்னன்: அடக்குனதுதான் சரி… இங்கதான் குட்டி தண்ணிக்குள்ள போகும்… போச்சு. அவ்வளவுதான். வெட்டுனதே தெரியல. அனுப்பிடு.

மார்னி: வெர்னன்… நான் இன்னும் பட்டனையே அழுத்தல. டேப் ஓடல.

வெர்னன்: அடிப்பாவி.

மார்னி: எனக்கு வேற வழி தெரியல. நேரா கேட்டா சண்டைக்கு வருவீங்க.

வெர்னன்: எப்பத்துலேர்ந்து தெரியும்?

மார்னி: போன படத்துலேர்ந்து. நீங்க எழுதிக் குடுத்ததுல ஃப்ளூட்டே காணோம். மேல்ஸ்தாயி ஸ்வரம் எதுவுமே காணோம்.

வெர்னன்: அதெல்லாம் நீயே எழுதிச் சேத்துட்ட.

மார்னி: …தெரியுமா?

வெர்னன்: நீ எழுதின தாளைப் பாத்துத்தானே கையை ஆட்டுறேன். கண்ணுக்கு என்ன கேடு? வெள்ளத்துல பாதி உன்னோடது. என்னால அப்படி எழுதியிருக்க முடியாது.

மார்னி: அப்படிச் சொல்லாதீங்க. அந்த மெட்டு உங்களோடது.

வெர்னன்: மார்னி, இங்க பாரு. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஏப்ரல்ல திமிங்கிலப் படம் ஆரம்பிக்குது. நீ பக்கத்துல இருந்தா என்னால முடியும். வேலையில்லாம அந்த வீட்டுல உக்காந்தா நான் செத்துருவேம்மா. யார்கிட்டயும் சொல்லாத. கெஞ்சிக் கேக்குறேன்.

மார்னி: ஸ்டுடியோவுலேர்ந்து… கூப்பிட்டாங்களா?

வெர்னன்: திங்கக்கிழமை கூப்பிடுறேன்னாங்க. இன்னிக்கு வெள்ளி. மறந்திருப்பாங்க… ஏய், எதுக்கு அழற? மூஞ்சிய மூடாத. உன் உதட்டைப் பாத்தாத்தான் எனக்குப் புரியும். கையை எடுத்துட்டுச் சொல்லு.

மார்னி: நாலு நிமிஷம் எப்படிக் குடுத்தாங்கன்னு கேட்டீங்கல்ல… 'பாவம், அவருக்குக் காது போயிருச்சு, இதுதான் கடைசிப் படம்'னு சொன்னேன். உடனே குடுத்துட்டாங்க.